இடம் சொல்லாத கட்டுரை

புதுச்சேரி விடுதி
12.8.2006

அன்புள்ள அப்பாவுக்கு மதிவதனி வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

வகுப்பின் கையெழுத்து இதழுக்கு நம் தொழிலைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். நீங்கள் வலை இறக்குவது, அம்மா மீன் ஏலத்தில் மல்லுக்கட்டுவது என எல்லாமே பார்த்தது பார்த்தபடி. தமிழ் டீச்சர் படித்துவிட்டு, "கடல்ல எந்த இடத்துல பிடிக்கிறாங்கன்னு போடலையே?" என்றார்.

"அதை வெளியில சொல்ல மாட்டோங்க டீச்சர். சொன்னா மறுநாள் ஊரே அங்க வந்து நிக்கும்."

"கட்டுரைன்னா தகவல் வேணும்மா. இடம் இல்லன்னா அது கதைதான்."

கதைப் பகுதியில் சேர்த்தே விட்டார்! ஒரு வரிகூட நான் கற்பனை செய்யவில்லை, அப்பா.

நம் மண்டபத்தூர் குணசேகரன் மாமா மகள் வினோதினியும் எழுதினாள். மாமா ஊரெல்லாம் சொல்லித் திரிகிற பொய் இடத்தை நம்பி அப்படியே எழுதியிருக்கிறாள். இதழில் அதுதான் முதல் கட்டுரை! "தகவல்னா இப்படி இருக்கணும்" என்று டீச்சர் வாசித்துக் காட்டினார். மாமா உண்மையில் உங்கள் இடத்துக்குப் பக்கத்தில்தான் வலை போடுகிறார் என்று நீங்கள் சொன்னது நினைவிருந்தது. பொய் என்று சொன்னால் உண்மையான இடத்தைக் கேட்பார்களே! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நெத்திலிக் கருவாடு வேண்டும். யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டுவாருங்கள். சாப்பாட்டு மணி அடிக்கிறது. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மாமா சொந்த மகளிடமே பொய் சொல்லியிருக்கிறார். நீங்கள் எனக்குச் சொன்ன இடம் உண்மைதானே, அப்பா?

மகள்
மதிவதனி