வந்த சீட்டு

மார்ச் 3, சனி
மதியமே கண்ணாடிக் கடையை அடைத்துவிட்டுப் பின்னறையில் போக்கர். புதிதாக என் மச்சினனும் வந்து உட்கார்ந்தான். பக்கத்துக் கடை சலூன்காரர் எவ்வளவு வைத்தாலும் அவனும் அவ்வளவு வைத்துக் 'கால்' சொல்கிறான். கால் சொல்லிச் சொல்லியே காலை ஒடித்துக்கொள்ளப் போகிறவன்.

மார்ச் 10
தோற்றுவிட்டுக் கேட்டான்: "மாமா, நாலு ஆட்டின் சேர்ந்திருக்குன்னு வைங்க, இன்னும் ஒண்ணு வந்தா அஞ்சும் ஒரே ஜாதி, ஃபிளஷ். கால் சொல்லலாமா?"

சரியான பதில் எனக்குத் தெரியும். அடுத்த சீட்டு ஆட்டினாக வருவது ஐந்தில் ஒரு தடவைதான். கேட்கிற காசைப்போல நாலு மடங்காவது மேசையில் கிடந்தால் சொல்லலாம். அதுவும் கையில் இருப்பது பெரிய ஆட்டினாக இருந்தால்தான். சின்னதை வைத்துத் துரத்தினால், வராவிட்டால் கொஞ்சம் போகும். வந்துவிட்டால், பெரியதை வைத்திருப்பவனிடம் எல்லாம் போகும்.

"தைரியமா சொல்லுடா, வந்துடும்" என்றேன்.

மார்ச் 17
ஆட்டின் வரவில்லை அவனுக்கு. எனக்கு நல்ல தூக்கம்.

மார்ச் 24
சலூன்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாவம்யா, சின்னப் பையன். நீங்களே ஏத்தி விடலாமா?" என்றார்.

சின்னப் பையனா? சொந்த வேன் வைத்துச் சரக்கு ஏற்றுகிறவன். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மனைவி சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாள். நான் வந்தால் "சாப்பிடறீங்களா?" அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை— சரி, அதை எதற்கு எழுதிக்கொண்டு.

ஏப்ரல் 7
மேசையில் எல்லாருக்கும் பொதுவாக ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் ஒன்பது, கிளாவர் எட்டு. என் கையில் ஆட்டின் ஏஸும் நாலும். பெரிதாக வைத்தேன். யோசிக்காமல் கால் சொன்னான். அடுத்த சீட்டு ஆட்டின் ரெண்டு.

அவன் காது சிவந்தது. இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டு வேன் சாவியையும் மேலே வைத்தான். "என்ன மாமா, பயமா இருக்கா?"

நெற்றியைத் தடவினேன், பெருமூச்சு விட்டேன். நன்றாகவே நடித்தேன். கால் சொன்னேன். அவன் ஆட்டின் அஞ்சையும் ஆறையும் காட்டிச் சிரித்தான். சிரித்து முடிக்க விட்டு, என் ஏஸைத் திருப்பினேன்.

"வந்துச்சே மாமா... வந்துச்சே" என்றான். திரும்பத் திரும்ப அதையே.

சலூன்காரர் எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 8
"சாவியக் குடுத்துடுங்க. அவன் பொழப்பே அதுதான்" என்றாள் மனைவி.

"ஆட்டம்னா ஆட்டம்" என்றேன்.

"அவனுக்கு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

ஏப்ரல் 11
பெட்டியை எடுத்துக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். "எப்ப வருவே?" என்று கேட்டேன். "உங்களுக்குத்தான் எது எப்ப வரும்னு கணக்குத் தெரியுமே" என்றாள்.

மே 5, சனி
சாவியைச் சலூன்காரரிடம் கொடுத்து அனுப்பியிருந்தேன். இன்று அதைக் கடை மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார். மச்சினன் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறானாம். மனைவி சொல்லியனுப்பினது ஒன்றே ஒன்று: "ஜெயிச்சவரே வெச்சுக்கட்டும்."

"உக்காருங்க, ஒரு ஆட்டம் போடலாம்" என்றேன்.

சலூனில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எட்டிப் பார்த்தேன். சலூன் பூட்டியிருந்தது.