மூன்று பெட்டி ஈட்டிக்காரர்கள்

ஜூலை 7, திங்கள்
மஞ்சூரில் இன்று விடியவே இல்லை போல. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. படுத்தே இருக்க வேண்டும், டாக்டர் உத்தரவு. போன முறை கரு நாலாம் மாதத்தில்தான் கலைந்தது. இது நாலாம் மாதம்.

பள்ளிக்கு லீவு. மடியில் பலகை, பலகையில் என் படை. ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய நெடுஈட்டிக்காரர்கள். அரை விரல் உயரப் பிளாஸ்டிக் பொம்மைகள்; தலை, கை, உடம்பு தனித்தனியாக வரும், ஒட்டிச் சேர்க்க வேண்டும். வரலாற்றுப் பாடம் எடுக்கப்போய் எனக்கே பிடித்த பைத்தியம். சுவிஸ் ஒரு பெட்டி, ஜெர்மன் இரண்டு. அப்படியே ஒட்டினால் ஒரே ஆள் திரும்பத் திரும்ப நிற்பான். அதனால் கலக்கிறேன்: இவன் உடம்பு, அவன் கை, இன்னொருவன் இறகுத் தொப்பி.

பசை வாடை எனக்கு ஆகவில்லை. நான் பொருத்தம் பார்த்து வைப்பேன். கணவர் முரளி ஃபேக்டரி விட்டு வந்து வாசலில் உட்கார்ந்து ஒட்டுவார்.

ஜூலை 9, புதன்
மழை. கரண்ட் இல்லை.

ஜெர்மன்காரர்கள் சற்று உயரம். பின்வரிசைக்கு. அல்லது சுவிஸ்காரன் காலடியில் அட்டைத் துண்டு. பெட்டி ஈட்டிகள் வளைந்துவிட்டன. பதிலுக்குத் தென்னை ஈர்க்கு.

என்னைப் பார்த்துக்கொள்ள மாமியார் வந்திருக்கிறார். காலையில் மகனிடம்: "ஏங் கண்ணு, வெளக்கமாறு நாளுக்கு நாள் எளச்சுட்டே போவுது?"

முரளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மதியத் தூக்கத்தில் படை தேயிலைச் சரிவில் ஏறியது. சத்தமே இல்லை. நனைந்த இறகுகள் மட்டும் அசைந்தன. யாரோடு சண்டை என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்
அத்தை கட்டிலோரம் உட்கார்ந்து தலைகளைப் புரட்டினார்.

"இதென்ன அம்மணி, ஒருத்தன் தலைய இன்னொருத்தனுக்கு வெக்கறே?"

"எல்லாரும் ஒரே மாதிரி இருந்தா நல்லாருக்காதுங்க அத்தை."

"அதுஞ் சரி. பெத்தவ வந்து தேடுனா அடையாளந் தெரியோணுமில்ல."

தாடிக்காரத் தலையை ஒரு ஒல்லி உடம்பில் வைத்துப் பார்த்தார். பிறகு இன்னொன்று. இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. போன முறை பற்றி நாங்கள் பேசியதே இல்லை. இன்றும் பேசவில்லை.

ஜூலை 12, சனி
காலையில் லேசாக ரத்தக் கசிவு. சொல்லப் பயம். சொன்னேன். டாக்ஸி, ஊட்டி.

ஸ்கேன் அறை. டாக்டர் கருவியை வயிற்றின் மேல் நகர்த்திக்கொண்டே இருந்தார். அப்புறம் திரையை என் பக்கம் திருப்பினார். துடிக்கிறது.

"நல்லா இருக்குதும்மா. இன்னுங் கொஞ்ச நாள் படுத்திருங்க."

திரும்பும்போது ஒரு வளைவில் அத்தை வண்டியை நிறுத்தச் சொன்னார். "தல சுத்துது." இறங்கி, எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். முந்தானை முகத்தில். தோள்கள் குலுங்கின. முரளி இறங்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். பனி வந்து அத்தையை மூடியது, விலகியது.

வந்து உட்கார்ந்தார். டிரைவரிடம், "மெதுவாப் போங்க," என்றார்.