படத்துக்குப் போதுமான காந்தம்

அன்புள்ள அத்தைக்கு, உங்கள் மருமகள் வணங்கி எழுதுவது. கால்வீக்கம் வடிந்ததா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

நான் நலம். உங்கள் மகன் படத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு இரும்பு அலமாரிக் கதவில் நிறுத்த, எங்கள் ஆலையில் மாவிலிருந்து ஆணி, இரும்புத்தூள் பிடிக்கிற பழைய காந்தத்தைக் கேட்டு வாங்கினேன். கிட்டே கொண்டுபோனதும் பாய்ந்து ஒட்டிக் கண்ணாடியை நொறுக்கிவிட்டது. விரலில் சின்னக் காயம்தான், ஆறிவிட்டது.

"அடியே, ஒரு படத்தைப் பிடிக்க இவ்வளவு பலம் எதுக்குடி?" என்று அறைத்தோழி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கண்மூடியபோது இவ்வளவு தூரத்திலிருந்து முகம் பார்க்க வர முடியவில்லை; கையில் இருந்த படத்தின் முகத்தையும் கண்ணாடிச் சில்லால் கீறிவிட்டேன்.

வேறு படம் இருந்தால் சட்டம் போடாமல் அனுப்புங்கள். இத்துடன் சின்னக் காந்தம் ஒன்று வைத்திருக்கிறேன். மருந்துச் சீட்டைப் பீரோவில் ஒட்டிக்கொள்ளுங்கள். வேளை பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்க அவரும் இல்லை, நானும் அங்கே இல்லை.

ஆலை வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன் அத்தை.

உங்கள் மருமகள்