உன் பேரில் விட்ட கிடா

என் மகள் ஃபாஸிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் வாப்பாவும் சுகம், நம் ஆடுகள் நாலும் சுகம், அந்த நாலையும் சுகம் என்று எழுத முடிகிறதே, அந்தச் சந்தோஷத்தில்தான் பேனாவை எடுத்தேன். டெல்லி வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாம், ஆனால் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது, அது எனக்கு எழுதத்தான் வரும்.

போன வருஷம் டெங்கு வந்து நீ விடுதியில் தனியாகக் கிடந்தாயே, அப்போது நம் கறுப்பாட்டின் கிடாக்குட்டியை உன் பேரில் நம் அவுலியாவின் தர்காவுக்கு நேர்ந்து விட்டேன். ஆய்வகப் படிப்பு படிக்கிறவள் சிரிப்பாய் என்று சொல்லவில்லை. நேர்ந்து விட்ட கிடாவுக்குக் கயிறு கிடையாது, கந்தூரி விருந்துக்கு அறுக்கும் வரை ஊரெல்லாம் அதன் வீடுதான். காலையில் ஒவ்வொரு வாசலாகப் போய் நிற்கும், எல்லோரும் தங்கள் ஆட்டுக்கு வைத்த கஞ்சித்தண்ணீர் வாளியில் முதல் வாய் அதற்குத்தான் விடுவார்கள், பரக்கத் கிடைக்கும் என்று முதுகைத் தடவுவார்கள். நானும் தடவியிருக்கிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டு மூன்று வாரத்தில் ஜுபைதா மாமியின் ஆடுகளுக்குக் காய்ச்சல் வந்தது, மூக்கு ஒழுகியது, உதட்டிலும் காதிலும் மடியிலும் பயறு பயறாகக் கொப்புளம். மாமா மௌத்தான பிறகு மாமிக்கு அந்த ஆறு ஆடுகள்தான் பிழைப்பு என்பது உனக்குத் தெரியும். ஆட்டம்மை என்று தெரிந்தால் சர்க்கார் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று பயந்து, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி மறைத்து வைத்திருந்தார், மூன்று செத்த பிறகுதான் தெரு அறிந்தது. கால்நடை மருத்துவர் பிரிஜா வந்து, இது வைரஸ், நோய் கண்ட ஆட்டைத் தனியே கட்டுங்கள், உதிரும் பொருக்கில்கூட மாசக்கணக்கில் கிருமி கிடக்கும், தொழுவத்துக் குப்பையை எரியுங்கள், செத்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள் என்றார். எல்லாம் செய்தோம், வாப்பா வடசேரியிலிருந்து மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு கொண்டுவந்தார், ஆனாலும் நோய் நிற்கவில்லை. இங்கே ஒரு வீடு, நாலு வீடு தள்ளி ஒரு வீடு என்று தாவியது. நம் கறுப்பாடு மறுபடி நிறைசூலாக இருந்தது, எனக்கு உறக்கம் இல்லை.

அப்போதுதான் நாட்காட்டித் தாளின் பின்பக்கம் நம் தெருவை வரைந்து, நோய் வந்த வீட்டுக்கெல்லாம் புள்ளி வைத்துப் பார்த்தேன். குளத்தங்கரையில் நாய் வளர்க்கிற கல்ஃப் வீட்டில் இரண்டு ஆடு, இடமும் வலமும் அம்மை, அங்கே மட்டும் ஒன்றுமில்லை. காற்றில் வந்திருந்தால் அந்த மதிலைத் தாண்டியிருக்காதா? நாய்க்குப் பயந்து அந்த வீட்டுக்குப் போகாதது யார் என்று யோசித்தேன். புள்ளிகளைச் சேர்த்தால் அது நம் கிடா காலையில் நடக்கிற வழி. எனக்கு மூன்று நாளாக ஒரு பல்லில் வலி இருந்தது, அது எங்கே போனதென்றே தெரியவில்லை, அவ்வளவு பரபரப்பு. பெருநாளுக்கு வெளியூரிலிருந்து லாரியில் இறக்கிய ஆடுகளோடு அது இரண்டு நாள் திரிந்ததும், பிறகு தர்கா மரத்தடியில் தீனி எடுக்காமல் கிடந்ததும் நினைவுக்கு வந்தது. கிடா நோன்பு பிடிக்குது என்று அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். போய் வாலைத் தூக்கிப் பார்த்தேன், அடியெல்லாம் காய்ந்த பொருக்கு. நேர்ச்சை ஆடு என்று அதுவரை யாரும் அதைப் புரட்டிப் பார்த்ததில்லை.

பட்டப்பகலில் கயிறு போட்டு நடுத்தெருவில் இழுத்து வந்தேன் மக்கா, நான்! கந்தூரிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. தர்கா காரியம் பார்க்கிற கமருதீன் காக்கா வழிமறித்து, ஏட்டி ரைஹானத், அவுலியாவுக்கு விட்ட மொதலுக்கா கயிறு போடுக, பொஸ்தகம் படிச்சுப் படிச்சு ஒனக்க தலை கறங்கிப் போச்சா என்றார். நான் காரணம் சொன்னேன். கடைசியில், நேர்ச்சை ஒனக்க மோளுக்காக்கும், அவளுக்கு ஒண்ணு வந்தா எங்கிட்ட வந்து அழுது கரையப்பிடாது என்றார். கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அன்று நான் மூன்று தடவை போன் பண்ணி உடம்பு சுகமா என்று கேட்டு, நீ எரிச்சல்பட்டாயே, அது இதற்குத்தான். அப்போது ஜுபைதா மாமி தள்ளாடித் தள்ளாடி வந்து, காக்கா, எனக்க மூணு ஆட்டைக் குழியில வச்சாச்சு, மிச்சம் மூணுக்கு நீரு காவலிருப்பீரா, நீ கொண்டு போ மோளே என்று என் கையிலிருந்த கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

கிடாவைத் தென்னந்தோப்பில் தனியே கட்டினேன். பிரிஜா டாக்டருக்குச் சொல்லியனுப்பினேன், மறுநாள் தடுப்பூசி, நோய் வராத ஆடுகளுக்கு மட்டும். சந்துகள் டாக்டருக்குத் தெரியாது என்று நானே வீடு வீடாகக் கூட்டிப் போனேன், ஒரே நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு ஆடுகள். ஊசி பிடிக்க மூன்று வாரம் ஆகும், அதுவரை எந்த ஆடும் வெளியே போகவோ உள்ளே வரவோ கூடாது என்றார். கந்தூரி நம் கிடா இல்லாமல் நடந்தது. நேற்றோடு மூன்று வாரம், கடைசிப் பதினாறு நாளில் புதிதாக ஓர் ஆட்டுக்கும் அம்மை இல்லை. கறுப்பாடு செவ்வாய்க்கிழமை இரண்டு குட்டி ஈன்றது, காதுக்குள்ளெல்லாம் விளக்கடித்துப் பார்த்தேன், மாசு மருவில்லை. கமருதீன் காக்கா என் முகம் பார்ப்பதில்லை, ஆனால் தன் ஆடுகளை இரண்டு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய் விளக்கைப் பிடித்துச் சோதிப்பதாக அவர் பெண்டாட்டி சொன்னாள்.

உன்னைக் கேட்காமல் உன் பேரில் நேர்ந்தேன், உன்னைக் கேட்காமல் அதை நிறுத்தியும் வைத்தேன். காக்கா சொன்ன அந்த வார்த்தை இன்னும் உள்ளே கிடக்கிறது, கிருமியைப் பற்றி எத்தனை படித்தும் போகவில்லை. விடுமுறைக்கு வா, நேர்ச்சையைக் கொடுப்பதா வேண்டாமா என்று நீ சொல், நீ சொல்வதுதான். இனி உன் பேரில் எதையும் உன்னிடம் கேட்காமல் செய்ய மாட்டேன்.

படிப்பில் அல்லாஹ் உனக்கு வெளிச்சம் தரட்டும், நீண்ட ஆயுளும் நிம்மதியும் தரட்டும். இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னேனே, முடிவு வந்ததும் எனக்கு அனுப்பு, மறக்காதே.

துஆவோடு,
உன் உம்மா,
ரைஹானத்
தேங்காய்ப்பட்டணம்