பதினோராவது தட்டு

நிலவு, தென்துருவ நிலையம். எழுதுவது: டாக்டர் ஹெப்சிபா.

நாள் 112, 09:10
நிலையத்தில் நாங்கள் இருவர். மனைவி ருகையாவைப் பூமியில் விட்டுவந்து பனிச் சுரங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் இத்ரீஸின் உள்ளங்காலில் கரும்புள்ளி. மெலனோமா, தோல் புற்றுநோய். வெட்டி எடுத்தேன். அந்தச் செல்களில் மிட்ஃப் என்ற புரதம், அவற்றைச் சாகாமல் காக்கும் மரபணுவை ஓயாமல் இயக்குகிறது. என் புதிய மருந்து மிட்ஃபை முடக்கும். பன்னிரண்டு தட்டுகளில் செல்களை வளர்த்து மருந்திட்டேன்.

நாள் 116, 16:40
செல்கள் செத்துவிட்டன. பதினோராவது தட்டில் மட்டும் சில உயிரோடு இருக்கின்றன.

நாள் 117, 10:05
பூமிக் கட்டுப்பாட்டு அறை: "எல்லாத் தட்டும் சரியா இருந்தா மருந்தைக் குடுங்க. ஒண்ணுல சந்தேகம்னாலும் சொல்லுங்க டாக்டர். கப்பல் அனுப்பறோம். நிலையத்த மூடிட்டு ரெண்டு பேரும் வந்துடுங்க."

ஒன்பது வருட ஆய்வு. "கிருமி கலந்தது" என்று குறித்துப் பதினோராவது தட்டை எரித்தேன். மாலையில் முதல் ஊசி போட்டேன்.

நாள் 139, 11:30
சுரங்கத்திலிருந்து இத்ரீஸ்: "டாக்டர், தொடை இடுக்குல நெல்லிக்கா கணக்கா ஒரு கட்டி. உடுப்பு உரசுனதா இருக்குமோ?"

இல்லை. கட்டியின் செல்களில் மிட்ஃப் அடங்கிக் கிடக்கிறது. அதன் இடத்தில் கப்பா-பி என்ற வேறொரு புரதம், வேறொரு காப்பு மரபணுவை இயக்குகிறது. அந்தத் தட்டிலும் இதுதான் நடந்திருக்கும். நான் கவனிக்கவில்லை.

பொய். கவனித்தேன்.

கப்பல் கேட்டேன். சூரியப் புயல். அறுபது நாளாகுமாம்.

நாள் 171, 15:20
நுரையீரலுக்குப் பரவிவிட்டது. அவர் நோயறையில். நடுவே ஒரு கதவுதான். முகம் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல் இன்டர்காமில் சொன்னேன். எல்லாவற்றையும்.

மூச்சிரைத்தபடி கேட்டார்: "அன்னிக்கே சொல்லியிருந்தா கப்பல் வந்திருக்குமா?"

"வந்திருக்கும்."

"ருகையாவ ஒரு தடவ பாத்திருப்பேன்."

இன்டர்காமை அவர்தான் அணைத்தார்.

நாள் 174, காலை
இத்ரீஸ் இறந்துவிட்டார். மூன்று நாளும் வலி மருந்தை என் கையால்தான் வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

நாள் 176, 12:00
அவர் மனைவி ருகையா: "டாக்டர், கடைசி நேரத்துல அவுக தனியா இல்ல, நீங்க கூட இருந்தீங்க. அது போதும் எங்களுக்கு. நீங்க செஞ்சதுக்கு அல்லாஹ் ஒங்களுக்குக் கூலி தருவான்."

பதில் எழுதினேன். நான்கு வரி, செய்தது மட்டும். மன்னிப்புக் கேட்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

செய்தி பூமிக்குப் போய்ச்சேர ஒன்றேகால் நொடி.

நாள் 176, 12:50
ருகையாவின் அழைப்பு. விளக்கு எரிகிறது. அணைகிறது. மறுபடி எரிகிறது. எடுக்கிறேன்.