துவைத்த நைட்டி

ஜூன் 3, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் எதுவும் வேண்டாம் என்று சொல்லித்தான் மைனாவை எங்கள் ஆட்டிசக் குழந்தைகள் இல்லத்தில் விட்டுப் போனீர்கள். மீறி எழுதுகிறேன், மன்னியுங்கள். அன்று உங்கள் பையை வாங்கிக்கொண்ட ஒல்லி நர்ஸ் நான்தான்.

மூன்று நாளாக மைனா எதுவும் சாப்பிடவில்லை. தட்டைக் கண்டாலே காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள். "வியாழன் வரைக்கும் பாப்போம், அப்புறம் மூக்குல குழாய்தான்" என்கிறார் டாக்டர். வீட்டில் எப்படிச் சாப்பிட வைப்பீர்கள்? இரண்டு வரி எழுதினால் போதும். இதைக் கொண்டுவரும் எங்கள் இல்லத்து வேன் டிரைவர் பதிலுக்காக வாசலில் காத்திருப்பார்.

உங்கள் தங்கை போன்ற,
நர்ஸ்

ஜூன் 3

தங்கச்சி,

சோறும் குழம்பும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் மைனா ராணியம்மா அன்றைக்குப் பட்டினி. மடியில் என் பச்சை நைட்டி இருக்க வேண்டும். பையில் வைத்திருக்கிறேன்.

மற்றதை என்னிடம் கேட்காதே. ஒன்பது வருஷம் ஊட்டினேன். கடித்த தழும்பு இரண்டு கையிலும் இருக்கிறது. ஒருநாள்கூட முகம் பார்த்து அம்மா என்றதில்லை. நான் கிளம்பும்போதும் ஜன்னல் கம்பியைத்தான் தட்டிக்கொண்டிருந்தாள். "உங்களைத் தேடுறா" என்று ஆறுதலுக்கு எழுதிவிடாதே. அவளுக்கு நானும் ஒன்றுதான், நாற்காலியும் ஒன்றுதான்.

குழாய் போட்டால் கையைக் கட்டாதீர்கள். நீ பிடித்துக்கொள்.

மைனா அம்மா

ஜூன் 4, புதன்

அக்கா,

எல்லாம் என்னால் வந்தது. அந்த நைட்டியில் பால் வாடை அடித்தது. சனிக்கிழமை நான்தான் சோப்புப் போட்டு, வெந்நீரில் அலசி, மடித்து வைத்தேன். ஞாயிறு முதல் அவள் சாப்பிடவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

உடனே எடுத்துக் கொடுத்தேன். மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வீசினாள். நேரே சலவை அறைக்குப் போய், கூடையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக மோந்து மோந்து தரையில் போட்டாள். "என்னம்மா தேடுறா, நகையைத் தொலைச்ச மாதிரி?" என்று ஆயாம்மா சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

இது ஆறுதலுக்கு எழுதுவதில்லை. என் சட்டைப்பையிலிருந்த உங்கள் கடிதத்தை உருவி, முகத்தோடு வைத்து அழுத்திக்கொண்டாள். அப்படியே இரண்டு மடக்குப் பால் குடித்தாள். காகிதம் நனைந்து கிழிந்ததும் வாயை மூடிவிட்டாள். நாளைக் காலை குழாய்.

நீங்கள் உடுத்திய துணி ஒன்றைத் துவைக்காமல் டிரைவரிடம் கொடுத்தனுப்புங்கள். அது போதும்.

நர்ஸ்

பி.கு.: போதும் என்று மேலே எழுதிவிட்டேன். போதாது. அதையும் ஒருநாள் துவைக்கத்தானே வேண்டும். வேனில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கிறது. நீங்களே வந்துவிடுங்கள், அக்கா.