உண்ட மயக்கத்தில் கொடுத்த சாவி

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்.

என் வேலைமுறை உனக்குத் தெரியும். காலையில் புத்தி தெளிவாக இருக்கும்போது பேரம் பேசுவேன். சாப்பிட்டதும் கண் சொக்கும், அப்போது கடையில் விற்கும் பாத்திரங்களைத் துடைத்து அடுக்குவதோடு சரி. இதைக் கூட்டாளியிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். "மத்தியானம் எது கேட்டாலும் சரின்னுடுவேன்டா" என்று சிரிக்க வேறு செய்தேன்.

இப்போதெல்லாம் அவன் காலையில் வாயே திறப்பதில்லை. நேற்று நான் கொட்டாவி விடும் நேரம் பார்த்து, "அண்ணே, கிடங்குச் சாவி எங்கிட்டயே இருக்கட்டுமே, உங்களுக்கு ஏன் அலைச்சல்?" என்றான். கொடுத்துவிட்டேன். நம் சரக்கு முழுவதும் அங்கேதான். இன்று காலை போனால், கதவில் புதுப் பூட்டு. கேட்டால், "சாப்பிட்டுட்டுப் பேசலாம்ணே" என்கிறான். பெரிதாக ஒன்றுமில்லை, பயப்படாதே.

என் பழைய தலையணையை அனுப்பு, இரவில் தூக்கம் வருவதில்லை. அடுத்து அவன் வீட்டைத்தான் கேட்பான் போலிருக்கிறது. பத்திரத்தை உன் அண்ணனிடம் கொடுத்து வை. மத்தியானம் நான் போனில் எதற்குச் சரி என்றாலும், நீ முடியாது என்று சொல்.

கூப்பிடுகிறான். இன்று அவனே சமைத்திருக்கிறானாம், வயிறு முட்டச் சாப்பிட வேண்டுமாம். முடிக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்